தோத்துப் பழக ஒரு மேடை வேணும்

"நீ காமெடி பண்றியாமே, எங்க, ஒரு ஜோக் சொல்லு பாப்போம்." இந்த ஒரு வருஷத்துல இதை என்கிட்ட கேக்காத ஆளே இல்ல. பி.காம் படிக்கறேன்னு சொன்னா மட்டும் யாரும் "எங்க, ஒரு பேலன்ஸ் ஷீட் போட்டுக் காட்டு"ன்னு கேக்கறதில்ல பாருங்க :-)

சரி, மேட்டருக்கு வருவோம். தமிழ்ல ஸ்டாண்டப் காமெடி வளரணும், சின்ன ஊர்ல இருந்தும் ஆளுங்க வரணும்னு நிறைய பேர் சொல்றாங்க. எப்படி வருவாங்கன்னு மட்டும் யாரும் யோசிக்கிற மாதிரி தெரியல. என்னைக் கேட்டா, எங்க பக்கத்துப் பசங்களுக்கு ஜோக்குக்குப் பஞ்சமே இல்ல, மேடைக்கும் பஞ்சமில்ல. பஞ்சம் ஒண்ணே ஒண்ணுக்குத்தான். செலவில்லாம, மானம் போகாம, தோத்துப் பழக ஒரு இடம். அதுக்குப் பேருதான் ஓப்பன் மைக்.

தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். ஒரு சின்ன ரூம், ஒரு மைக், இருபது முப்பது சேர். பேரைக் குடுத்தா நாலு அஞ்சு நிமிஷம் தருவாங்க. நேரம் முடியப்போகுதுன்னா பின்னாடி இருந்து செல்போன் லைட்டைக் காட்டுவாங்க, இறங்கிரணும். காசு குடுக்க மாட்டாங்க. நீங்க டிவியிலயோ ஓடிடியிலயோ பாக்கற ஒரு மணி நேர நிகழ்ச்சி எல்லாமே இப்படித் துண்டு துண்டா, சின்னச் சின்ன மேடையில அடி வாங்கி வாங்கித்தான் உருவாகுது. அரவிந்த் எஸ்.ஏ.வோட 'மெட்ராஸி டா' 2017ல வந்துச்சு, அலெக்சாண்டர் பாபுவோட 'அலெக்ஸ் இன் ஒண்டர்லேண்ட்' 2019ல வந்துச்சு. 2020 செப்டம்பர்ல 'காமிக்ஸ்தான் செம்ம காமெடி பா'ன்னு தமிழுக்குன்னே ஒரு போட்டி நிகழ்ச்சியும் வந்துச்சு. இதையெல்லாம் பாத்துட்டு "அட, நாமளும் பண்ணலாமே"ன்னு தோணாத காமெடிப் பய எந்த காலேஜ்லயும் இருக்க மாட்டான். ஆனா நமக்குக் கண்ணுல படறது முடிஞ்ச சரக்கு. அதுக்கு முன்னாடி அவங்க சொல்லி, யாருமே சிரிக்காத ஜோக் எத்தனைன்னு நமக்குத் தெரியாது.

எங்க ஊர்ப் பாஷையில சொல்றேன். பச்சை ஏலக்காயை அப்படியே யாரும் போடி ஏலத்துக்குக் கொண்டு வர மாட்டாங்க. மலையிலயே ஸ்டோர்ல போட்டு, சூடு காட்டி உலர்த்தி, அப்புறம் சல்லடையில சலிச்சுத் தரம் பிரிச்சுத்தான் விலைக்கு வரும். ஜோக்குக்கு ஓப்பன் மைக்தான் ஸ்டோர். அந்த ஸ்டோர் எல்லாம் சென்னையிலயும் பெங்களூர்லயும் இருக்கு. காய் இங்க காய்க்குது.

இப்ப கணக்குக்கு வருவோம், நான் காமர்ஸ் ஸ்டூடண்ட் ஆச்சே! பொட்டிபுரத்துல இருந்து போடி, போடியில இருந்து சென்னை. 2010 கடைசியில மூடின மதுரை-போடி ரயில், அகலப்பாதையா மாறி 2023 ஜூன்லதான் போடிக்குத் திரும்ப வந்துச்சு. (பன்னெண்டு வருஷம் கழிச்சு வர்ற பஞ்ச்சுக்கும் பொறுமையா உக்காந்திருக்கற ஆடியன்ஸ் எங்க ஆளுங்க!) டிக்கெட்டு, சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சேத்து ஒரு தடவை போய்ட்டு வந்தா எனக்கு 1500 ரூபாய் ஆகுது. மேடையில கிடைக்கறது 5 நிமிஷம். ஆக நிமிஷத்துக்கு 300 ரூபாய். நடுவுல நான் ஒரு தடவை தொண்டையைச் செருமினா அது ஒரு டீயும் வடையும். எங்கம்மா மலைக்குப் போய் ஏலக்காய் எடுக்கற கிட்டத்தட்ட மூணு நாள் கூலி அது. அந்தக் காசுல மேடை ஏறிட்டு எவனாவது புதுசா முயற்சி பண்ணிப் பாப்பானா? போன தடவை சிரிச்ச ஜோக்கையேதான் திரும்பச் சொல்லத் தோணும். தோல்விக்கு இவ்வளவு விலை வெச்சா கத்துக்கறது எப்படி?

இதுவரைக்கும் மதுரையில மூணு, சென்னையில ரெண்டு, மொத்தம் அஞ்சு ஓப்பன் மைக் பண்ணியிருக்கேன். முதல் தடவை மதுரையில ஒரு சின்ன இடத்துல. மொத்தம் பதினாலு பேர், அதுல ஒன்பது பேர் அடுத்து மேடை ஏற வேண்டியவங்க. அவங்க சிரிக்க மாட்டாங்க, மனசுக்குள்ள அவங்க ஜோக்கை மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருப்பாங்க. மீதி அஞ்சு பேர்ல ஒருத்தர் காபி குடுக்கறவர்.

அங்க நான் சொன்னது எங்க ஊர் ஜோக். பொட்டிபுரம்னு தேடிப் பாத்தா ஏலக்காய் வராது, நியூட்ரினோதான் வரும். அம்பரப்பர் மலையைக் குடைஞ்சு ஆய்வுக்கூடம் கட்ட 2015ல மத்திய அமைச்சரவை சுமார் 1500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் குடுத்துச்சு. எதிர்ப்பு, கேஸுன்னு போய் இன்னும் கட்டலை. நியூட்ரினோ என்ன பண்ணும்? ஒவ்வொரு நொடியும் லட்சம் கோடிக் கணக்குல நம்ம உடம்பு வழியா எதையும் தொடாம போய்க்கிட்டே இருக்கும். அன்னைக்கு என் ஜோக்கும் அதேதான் பண்ணுச்சு. பதினாலு பேர் வழியாவும் போச்சு, ஒருத்தர் மேலயும் மோதல. எங்க மலைக்குள்ள வைக்கறதா இருந்த அந்த 50,000 டன் இரும்புக் கருவி மட்டும் அந்த ரூம்ல இருந்திருந்தா ஒரு ஜோக்கையாவது பிடிச்சிருக்கும். ஹி ஹி...

சென்னையில வேற கதை. அங்க சிரிச்சாங்க, ஆனா தப்பான இடத்துல. "என்னாண்ணே, சௌக்கியமா இருக்கீகளா"ன்னு ஆரம்பிச்ச உடனே சிரிப்பு. நான் இன்னும் ஜோக்கே சொல்லலை! அப்புறம் ஜோக் சொன்னேன். விடியக்காலம் மலைக்கு வேலைக்குப் போற ஜீப்பைப் பத்தி. பத்துப் பேர் உக்கார்ற வண்டியில பதினெட்டுப் பேர் ஏறுவாங்க, டிரைவரே ஒரு காலை வெளிய தொங்க விட்டுத்தான் ஓட்டுவார், அவரை எவனோ "உள்ள தள்ளி உக்காருப்பா"ன்னு அதட்டுவான். இதுக்கு ஒருத்தர் கூட சிரிக்கல. முடிஞ்சப்புறம் ஒரு அண்ணன் அக்கறையா வந்து "ப்ரோ, அது சேஃப் இல்லையே"ன்னாரு. தப்பு அவர் மேல இல்ல. அந்த ஜீப்பை அவர் பாத்ததில்ல. அதை விளக்கவே எனக்கு ரெண்டு நிமிஷம் போயிடுது, மீதி மூணு நிமிஷத்துல சிரிக்க வைக்கணும். இதே ஜோக்கை போடி பஸ் ஸ்டாண்டுல சொன்னா விளக்கமே வேண்டாம், முதல் வரியிலயே சிரிப்பாங்க. ஆனா போடியில மேடை கிடையாது.

உடனே ஒருத்தர் கேப்பீங்க... "ஏம்ப்பா, உங்க ஊர்ல ஸ்டாண்டப்பெல்லாம் எவன் பாப்பான்?"

நல்லா கேட்டீங்க. எங்க அப்பத்தா பாத்திருக்கு, ஐம்பது வருஷத்துக்கு முன்னாடியே! திருவிழாவுக்குப் போடற வள்ளி திருமணம் நாடகத்துல ராத்திரி பத்து மணிக்கு மேல முதல்ல வர்றது முருகனும் இல்ல வள்ளியும் இல்ல, பபூன். ஒத்தை ஆளு, ஒத்தை மைக்கு, எதிர்ல ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம், முன்னாடி தரையில குழந்தைங்க. பக்கத்துல ஆர்மோனியமும் மிருதங்கமும் மட்டும்தான் துணை. இதுல நடிகர்களைத் தனித்தனியாப் பேசிக் கூட்டிட்டு வருவாங்க, ஒத்திகையே கிடையாது. மேடையிலதான் ஒருத்தரை ஒருத்தர் சமாளிக்கணும். தூங்க வந்த கூட்டத்தை நிமிர வைக்கறது அந்தப் பபூன் பொறுப்பு. இதுக்கு மேல ஸ்டாண்டப் என்னங்க இருக்கு? லண்டன்ல காமெடி ஸ்டோர் 1979ல தொடங்குச்சு. சங்கரதாஸ் சுவாமிகள் 1922லயே காலமாயிட்டார், அவர் எழுதின நாடகங்கள் எங்க பக்கம் இன்னும் விடிய விடிய நடக்குது.

சூசன் சைசர்னு ஒரு அமெரிக்க மானுடவியல் ஆய்வாளர். மதுரை நாடகக் கலைஞர்களோட பல காலம் பழகி 2005ல ஒரு புத்தகமே போட்டிருக்காங்க. பபூன் சொல்ற ஜோக்கைப் பத்தி அவங்க கவனிச்ச ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஏடாகூடமான விஷயத்தை அவர் நேரா சொல்ல மாட்டார். கதைக்குள்ள கதை, அடுத்தவன் சொன்ன மாதிரி, எங்கயோ நடந்த மாதிரின்னு ஒரு தூரம் வெச்சுக்கிட்டுத்தான் சொல்வார். பொம்பளைங்களும் உக்காந்திருக்கற சபையில யார் முகமும் சுளிக்காம அதைக் கொண்டு போறதுக்கு அந்தத் தூரம் வேணும். இது சென்னையில யாரும் கத்துக் குடுக்காத பாடம். பெரிய நகரத்துல கூட்டம் மொத்தமும் முகம் தெரியாதவங்க, எதையும் சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடலாம். ஊர்ல நீ யாரைப் பத்திப் பேசறியோ அவரோட மச்சான் முன் வரிசையில இருப்பார். மறுநாள் காலையில டீக்கடையில அவரே வருவார்.

கலைஞர்களும் இங்க குறைச்சல் இல்ல. பக்கத்துல பண்ணைப்புரத்துல பிறந்த பாவலர் வரதராசன், 1958 தேவிகுளம் இடைத்தேர்தல்ல இதே மலைச்சரிவுல தோட்டத் தொழிலாளிங்க முன்னாடி பாட்டும் கிண்டலுமா கூட்டத்தைக் கட்டிப் போட்டவர். இந்தப் பக்கம் திண்டுக்கல்லுல லியோனி, அந்தப் பக்கம் மதுரையில சாலமன் பாப்பையா, மதுரை முத்து. 2005ல ஆரம்பிச்ச 'கலக்கப் போவது யாரு' மேடையில இருந்துதானே சிவகார்த்திகேயன் மாதிரி ஆளுங்க வந்தாங்க?

அப்ப உனக்கு என்னதாம்ப்பா குறைன்னு கேக்கலாம். குறை இதுதான். இந்த மேடை எல்லாம் ஜெயிச்சே ஆகவேண்டிய மேடை. திருவிழா கமிட்டி காசு குடுத்துக் கூப்பிடுது, சொதப்பினா அடுத்த வருஷம் கூப்பிடாது. டிவி செலக்‌ஷன்ல ஒரு வாய்ப்பு. பட்டிமன்றத்துல புதுசா ஒருத்தனை ஏத்த மாட்டாங்க. தேறினவனுக்கு இடம் இருக்கு, தேறப்போறவனுக்கு இல்ல. அந்தக் காலத்துல நாடக செட்டுல சின்னப் பையனா சேந்து கூடவே அலைஞ்சு கத்துக்கிட்டாங்க. இப்ப அதுக்கும் வழி குறைஞ்சு போச்சு.

பயம் இருக்கறதும் நியாயம்தான். 2021 ஜனவரி 1 அன்னிக்கு முனாவர் ஃபரூக்கியை இந்தூர்ல கைது பண்ணி ஒரு மாசத்துக்கு மேல ஜெயில்ல வெச்சாங்க, கடைசியில உச்ச நீதிமன்றம்தான் ஜாமீன் குடுத்துச்சு. 2025 மார்ச்ல குணால் காம்ரா பேசின வீடியோவுக்காக மும்பையில அதைப் படம் பிடிச்ச அரங்கத்தை அடிச்சு நொறுக்குனாங்க. எங்க பக்கம் ஜாதி பேரு வர்ற ஒரு ஜோக் போதும், ஊரே ரெண்டாயிடும். ஆனா அதுக்காகத்தான் சின்ன ரூம் வேணும்ங்கறேன். எது சிரிப்பு, எது காயம்னு இருபது பேர் முன்னாடி முகத்தைப் பாத்துக் கத்துக்கறது நல்லதா? இல்ல, முதல் தடவையே ரீல்ஸ்ல போட்டு இருபதாயிரம் பேர்கிட்ட கத்துக்கறது நல்லதா? எதிர்ல இருக்கறவங்க முகம் சுருங்கறது லைக் எண்ணிக்கையில தெரியாது.

இன்னொண்ணு. எங்க கிளாஸ்லயே நல்லா காமெடி பண்றது நான் இல்ல, ஒரு பொண்ணு. லெக்சரர் மாதிரி அவ பேசினா வயிறு வலிக்கும். தமிழ்ல சியாமா ஹரிணி மாதிரி பெண்கள் மேடை ஏறிக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆனா இவளால ராத்திரி எட்டு மணிக்குச் சென்னையில ஆரம்பிக்கற ஓப்பன் மைக்குக்குப் போக முடியுமா? வீட்டுல என்னன்னு சொல்லிட்டுப் போவா? எனக்கு 1500 ரூபாய்தான் பிரச்சினை. அவளுக்கு அந்தக் காசு இருந்தாலும் போக முடியாது. போடியில ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நடந்தா அம்மாவையும் கூட்டிட்டே வரலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே இதை ஆரம்பிக்கணும்.

பெரிய செலவெல்லாம் இல்ல. டியூஷன் சென்டர் ஹால் ஒண்ணு, வாடகை ஸ்பீக்கர் ஒண்ணு, மைக் ஒண்ணு, இருபது பிளாஸ்டிக் சேர். ஆளுக்கு அஞ்சு நிமிஷம், டிக்கெட் கிடையாது. செல்போன்ல படம் பிடிக்கக் கூடாது, இது மட்டும் கறாரா இருக்கணும். ஊர் நாடகத்துல பபூன் வேஷம் கட்டின பெரியவர் ஒருத்தரை வரச்சொல்லி கடைசி அரை மணி நேரம் அவர்கிட்ட குடுக்கணும். நாங்க சொதப்பின ஜோக்கை அவர் எப்படிச் சொல்லுவார்னு கேக்கணும். ஸ்பீக்கர் வாடகையில பாதியை நான் போடறேன். மீதிக்கும் ஹாலுக்கும் நாலு பேர் சேந்தா தாராளமாப் போதும்.

வர்றவங்க கண்டிப்பா சிரிக்கணும்னு இல்ல, அதையும் இப்பவே சொல்லிடறேன். முதல் ஆறு மாசம் எங்க ஜோக்கெல்லாம் நியூட்ரினோவாத்தான் இருக்கும். நீங்க சேரை விட்டு எந்திரிக்காம இருந்தா போதும்.