சிசிஎன்ஏவும் அக்காவோட சீட்டுப் பணமும்

போன மாசம் மதுரைக்குப் போயிருந்தப்ப அக்கா வீட்ல ஒரு பஞ்சாயத்து. அக்கா பையன் இன்ஜினியரிங் முடிச்சு எட்டு மாசம் ஆச்சு, வேலை அமையலை. சிசிஎன்ஏ எழுதப் போறேன்னு சொல்லிட்டு இருந்தான். நல்ல விஷயந்தானே, எழுதட்டும்னேன். "எப்படிப் படிக்கிறான்னு நீயே கேளு"ன்னு சொல்லிட்டு அக்கா அடுப்படிக்குப் போயிருச்சு.

பையன் மொபைலை நீட்டினான். டெலிகிராம்ல வந்த பிடிஎஃப். ஆயிரத்துச் சொச்சம் கேள்வி, எல்லாத்துக்கும் விடை டிக் அடிச்சு ரெடியா இருக்கு. "மாமா, இதுல முக்கால்வாசி அப்படியே வருதாம். பதினஞ்சு நாள்ல மனப்பாடம் பண்ணிருவேன். கோச்சிங் சென்டர்லயே இதைத்தான் குடுத்தாங்க. பாஸ் கேரண்டியாம்."

எனக்கு சிரிப்பும் வந்துச்சு, வயித்தெரிச்சலும் வந்துச்சு. சிரிப்பு ஏன்னா 2008-ல நானும் இதையேதான் பண்ணேன். அப்ப பிடிஎஃப் பென் டிரைவ்ல வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நெட்வொர்க் பக்கம் வராத நண்பர்களுக்காக ரெண்டு வரி. சிசிஎன்ஏங்கறது சிஸ்கோ கம்பெனி 1998-ல ஆரம்பிச்ச அடிப்படைத் தேர்வு. ரவுட்டர், சுவிட்ச் பக்கம் வேலைக்குப் போறவங்க முதல்ல ஏறுற படி. இப்ப நடக்கிறது 200-301ங்கற நம்பர் உள்ள தேர்வு. 120 நிமிஷம். ஒரு கேள்வியைத் தாண்டிட்டா திரும்பிப் போய்ப் பார்க்க முடியாது. கால்குலேட்டர் கிடையாது. எவ்வளவு எடுத்தா பாஸ்னு சிஸ்கோ வெளியே சொல்றதும் இல்லை. இந்த மாதிரி சர்டிஃபிகேட் தேர்வுகளோட நிஜக் கேள்விகளை யாரோ பார்த்து வந்து ஒப்பிச்சு, சேர்த்து விக்கிறதுக்குப் பேர்தான் டம்ப்ஸ். பயிற்சிக்குன்னு தனியா எழுதின மாதிரிக் கேள்விகள் வேற. அதுல தப்பே இல்லை, நானும் போட்டுப் பாக்கச் சொல்றவன்தான்.

டம்ப்ஸ் படிக்கிறவன் சோம்பேறின்னு திட்டி நிறைய பேர் எழுதிட்டாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. சோம்பேறி எவனும் ஆயிரம் கேள்வியை மனப்பாடம் பண்ண மாட்டான். இது பயம். தேர்வுக் கட்டணம் 300 டாலர், வரி தனி. நம்ம காசுல இருபத்தஞ்சாயிரத்துக்கு மேல போயிருது. வேலை இல்லாத பையனுக்கு அந்தக் காசு எங்க இருந்து வரும்? அக்கா ஏலச்சீட்டு எடுத்துக் கட்டப்போற பணம் அது. ஃபெயிலானா போனது போனதுதான், மறுபடி எழுதணும்னா மறுபடி முழுசாக் கட்டணும். அந்த ஒரே யோசனைதான் பசங்களை இந்த பிடிஎஃப் பக்கம் தள்ளுது. "பாஸ் கேரண்டி"ன்னு போர்டு வைக்கிறவங்களுக்கு அந்தப் பயம்தான் முதல். (மாட்டினா சிஸ்கோ சர்டிஃபிகேட்டை ரத்து பண்ணும், மறுபடி எழுத விடாமத் தடையும் போடலாம். அதை எந்த போர்டுலயும் போடறதில்லை.)

நான் பாஸ் பண்ண கதைக்கு வர்றேன். அப்ப தேர்வு நம்பர் 640-802. நல்ல மார்க். அந்த சர்டிஃபிகேட்டைக் காட்டி சென்னைல ஒரு கம்பெனில நைட் ஷிஃப்ட் வேலையும் கிடைச்சுது. சேர்ந்து மூணாவது வாரம் ஒரு டிக்கெட் வந்துச்சு. மூணாவது மாடிக்குப் புது டிபார்ட்மென்ட் வருது, அவங்களுக்கு விலேன் 30-ஐ அந்த மாடி சுவிட்ச் வரைக்கும் விடணும். விலேன்னா ஒரே சுவிட்சை டிபார்ட்மென்ட் வாரியா, ஒருத்தர் பேச்சு இன்னொருத்தருக்குக் கேக்காத மாதிரி, பிரிச்சு வைக்கிறது. ரெண்டு சுவிட்சுக்கு நடுவுல எல்லா டிபார்ட்மென்ட் டிராஃபிக்கையும் ஒண்ணாத் தூக்கிட்டுப் போற வழிக்கு ட்ரங்க்னு பேர். அந்த ட்ரங்க்ல யார் யாரை விடலாம்னு ஒரு பட்டியல் இருக்கும். நான் கெத்தா டைப் பண்ணேன்:

சுவிட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்டு விலேன் 30.

என்டர் தட்டினேன். திரை அப்படியே நின்னுருச்சு.

கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கிற பட்டியல் இருக்கு, அதுல எதிர் வீட்டையும் சேர்த்துக்கோடான்னு அம்மா சொல்றாங்க. நான் என்ன பண்ணேன்னா, மொத்தப் பட்டியலையும் கிழிச்சுப் போட்டுட்டு எதிர் வீட்டை மட்டும் எழுதி வெச்சுட்டேன். அந்தக் கட்டளைல விலேனுக்கு அப்புறம் 'ஆட்'னு ஒரு வார்த்தை வரணும். அது இருந்தாத்தான் சேர்க்கும். இல்லைன்னா 30-ஐத் தவிர மத்த எல்லாரையும் வெளியே அனுப்பிரும். மாடி முழுக்க ஃபோனும் கம்ப்யூட்டரும் செத்துப் போச்சு. நான் உள்ளே போயிருந்த வழியும் அதே ட்ரங்க்ல வேற ஒரு விலேன் வழியா வந்ததுதான், அதனால திருத்தறதுக்கும் வழி இல்லை. நின்ன கிளையையே வெட்டிட்டேன்.

கொடுமை என்னன்னா, இதே கேள்வி தேர்வுல வந்துச்சு. சரியா டிக் அடிச்சேன். பிடிஎஃப்ல 'ஆட்' இருக்கிற விடை மூணாவதா இருக்கும்ங்கறதுதான் ஞாபகம் இருந்துச்சு, அது எதுக்கு இருக்குன்னு எனக்குத் தெரியாது.

ராத்திரி ஒரு மணிக்கு சீனியருக்கு ஃபோன் போட்டேன். தூக்கக் கலக்கத்துல ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ரைட் மெமரி குடுத்தியா?" இல்ல சார்னேன். "நல்லவேளை. மாடிக்குப் போய் அந்த சுவிட்சோட பவரைப் புடுங்கி திரும்பச் சொருகு"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டார். ஓடினேன். சேவ் பண்ணாததால சுவிட்ச் பழைய கான்ஃபிகரேஷனோட எழுந்திரிச்சுது. அது பூட் ஆகற அந்த ரெண்டு மூணு நிமிஷம் பச்சை லைட்டையே பாத்துட்டு நின்னேன் பாருங்க, இப்ப நினைச்சாலும் உள்ளங்கை வேர்க்கும். ரன்னிங் கான்ஃபிக், ஸ்டார்ட்டப் கான்ஃபிக் ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்ங்கற கேள்வியும் தேர்வுல வந்ததுதான். அதுக்கும் மார்க் வாங்கினவன் நான்.

அந்த மாசச் சம்பளத்துல ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒரு பழைய 2950 சுவிட்ச் வாங்கினேன். முதல் பாடத்துல இருந்து மறுபடி படிச்சேன், இந்த வாட்டி கைய வெச்சு.

சப்நெட்டிங்னு ஒரு பூதம் இருக்கு. பாதிப் பேர் அதுக்குப் பயந்துதான் டம்ப்ஸ் பக்கம் ஓடறாங்க. மாப்ளைக்கு அன்னிக்கு மொட்டை மாடில வெச்சு ரயில் பெர்த் கணக்குலதான் ஆரம்பிச்சேன். ஸ்லீப்பர் கோச்ல ஒரு தடுப்புக்கு எட்டு பெர்த். 37-ம் நம்பர் டிக்கெட் வந்தா என்ன பெர்த்? "எட்டு நாலு முப்பத்திரெண்டு, மிச்சம் அஞ்சு, மிடில் பெர்த் மாமா"ன்னான், யோசிக்கவே இல்லை. சரி, இப்ப 192.168.10.77, பக்கத்துல /27. எட்டுக்குப் பதிலா இங்க ஒரு தடுப்புக்கு 32. ஒண்ணுல ஆரம்பிக்காம பூஜ்யத்துல ஆரம்பிக்கும். 0, 32, 64, 96. 77 எந்தத் தடுப்புல உக்காருது? 64-ல. அடுத்த தடுப்பு 96, அதனால இது 95 வரைக்கும். முதல் நம்பர் 64 அந்தத் தடுப்போட பேர், கடைசி நம்பர் 95 எல்லாருக்கும் ஒரே நேரத்துல கூவுறதுக்கு. ரெண்டையும் யாருக்கும் குடுக்க முடியாது. மிச்சம் 65-ல இருந்து 94 வரைக்கும் முப்பது பேர். 32 எங்க இருந்து வந்துச்சு? /27-ன்னா மாஸ்க்ல கடைசி எண் 224, 256-ல இருந்து 224-ஐக் கழிச்சா 32. அவ்வளவுதாங்க. அரை மணி நேரத்துல /28, /29, /30 எல்லாம் போட்டுக் காட்டினான். தினமும் காலைல பத்து கணக்குன்னு ரெண்டு வாரம் போட்டா அப்புறம் கையே தானா எழுதும்.

இப்பல்லாம் இன்டர்வியூல நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கேன். மேல சொன்ன 77 கணக்கைத்தான் கேப்பேன், காகிதமும் பேனாவும் குடுத்துட்டு. ரெண்டு வருஷம் முன்னாடி சர்டிஃபிகேட்டோட வந்த ஒரு தம்பி ரொம்ப நேரம் காகிதத்தையே பாத்துட்டு இருந்துட்டு, "சார், எக்ஸாம்ல நாலு ஆப்ஷன் குடுப்பாங்க சார்"னு சொன்னான். கிண்டல் பண்றதுக்காக இதை எழுதலை. அவன் சட்டையை இஸ்திரி போட்டு, எங்கேயோ கடன் வாங்கிப் பணம் கட்டி, அவ்வளவு தூரம் வந்திருக்கான். அவனை அனுப்பிட்டு எனக்கு மதியம் சாப்பாடு இறங்கலை.

"நானும் டம்ப்ஸ் படிச்சுத்தான் வந்தேன், இன்னிக்கு நல்லாத்தானே இருக்கேன்"னு ஆபீஸ்ல ஒரு நண்பர் வாதம் பண்ணுவார். சரிதான், நானுந்தான் இருக்கேன். ஆனா நான் கத்துக்கிட்டது ஒரு மாடி நிறைய இருந்தவங்க வேலையைக் கெடுத்து. ராத்திரி ஒரு மணிக்கு ஃபோனை எடுக்கிற சீனியர் எனக்கு வாய்ச்சார், எல்லாருக்குமா வாய்க்கும்? அதைவிட, அன்னிக்கு என்னை யாரும் காகிதம் குடுத்துக் கணக்கு போடச் சொல்லலை. சர்டிஃபிகேட் இருக்கா, உள்ள வான்னுட்டாங்க. இப்ப அந்தக் கதவு அவ்வளவு சுலபமா திறக்கறதில்லை.

இன்னொண்ணு. நான் உருப்போட்ட ஃப்ரேம் ரிலேயும் இஐஜிஆர்பியும் இப்ப 200-301 பாடத்திட்டத்துலயே இல்லை. அதுக்குப் பதிலா ஜேசன், ஏபிஐன்னு ஆட்டோமேஷனுக்குப் பத்து சதவீதம் ஒதுக்கியிருக்காங்க. சர்டிஃபிகேட்டே மூணு வருஷந்தான் செல்லும். ஆனா சப்நெட்டிங்கும் ட்ரங்க்கும் அன்னிக்கு இருந்த மாதிரியேதான் இருக்கு.

மாப்ளைகிட்ட நான் சொன்னது இதுதான். தேதியை ரெண்டு மாசம் தள்ளிப் போடு. முன்கூட்டியே மாத்திக்கிட்டா பணம் போகாது. என்னை மாதிரி சுவிட்ச் வாங்க வேண்டியதில்லை, சிஸ்கோவோட பாக்கெட் ட்ரேசர் சும்மாவே கிடைக்குது, நெட்வொர்க்கிங் அகாடமில பதிஞ்சாப் போதும். பழைய லேப்டாப்லயே ஓடும். அதுல மூணு சுவிட்ச், ஒரு ரவுட்டர் போட்டு வேலை செய்ய வை. அப்புறம் அதைக் கெடு. 'ஆட்' போடாம அடிச்சுப் பாரு, ஒரு பக்கம் விலேன் நம்பரை மாத்தி வை, ரவுட்டர் போர்ட்டை ஷட் டவுன் பண்ணு. 'ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்' குடுத்து எது காணாமப் போச்சுன்னு தேடு. தம்பி தங்கச்சி யாராவது இருந்தா அவங்களை விட்டுக் கெடுக்கச் சொல்லு, இன்னும் நல்லது. (அவன் தங்கச்சி இதை ரொம்ப உற்சாகமாச் செய்யுதுன்னு தகவல்.)

பிடிஎஃப்பை அழிச்சானான்னு நான் கேக்கலை, அவனும் சொல்லலை. தேதியை மட்டும் தள்ளிப் போட்டிருக்கான். "பணத்தைக் கட்டிட்டு இன்னும் எழுதாமச் சுத்துறான், எல்லாம் உன் பேச்சைக் கேட்டு"ன்னு அக்கா ஃபோன்ல என்னைத் திட்டுது. நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு அவன்கிட்ட இருந்து கால். "மாமா, விலேன் 20-ல இருந்து பிங் போகலை." என்னடா பண்ணேன்னு நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, "இருங்க இருங்க, சொல்லாதீங்க"ன்னு வெச்சுட்டான்.

டிஸ்கி: டம்ப்ஸ் லிங்க் கேட்டு மெயில் போடாதீங்க ப்ளீஸ். அந்த 2950 இன்னும் பரண்ல கிடக்குது, வேலை செய்யுது. சென்னைல இருந்து யாருக்காவது வேணும்னா சும்மாவே வந்து எடுத்துட்டுப் போங்க. ஃபேன் சத்தம் மட்டும் கிரைண்டர் மாதிரி இருக்கும், வீட்ல உதை வாங்கினா நான் பொறுப்பில்லை.