ஹிஸாப் கேட்கத் தயங்கும் சமுதாயம்

கணக்குக் கேட்பதில் நம் சமுதாயம் யாருக்கும் இளைத்ததன்று. ஷவ்வால் பிறை பிறந்ததும் நோன்புக் கஞ்சிக்கு வந்த பச்சரிசி எத்தனை மூட்டை, இறைச்சிக்கு எவ்வளவு, பண்டாரிக்குக் கொடுத்த கூலி எவ்வளவு என்று முத்தவல்லியை நிறுத்திவைத்துக் கேட்கும் பெரியவர்களை ஒவ்வொரு மஹல்லாவிலும் காண்கிறோம். பள்ளிவாசலுக்கு வாங்கிய பாயில் ஒன்று குறைந்தால் இஷாவுக்குப் பின் ஒரு கூட்டமே கூடிவிடும். கேட்கட்டும், அது நல்ல வழக்கமே. ஆனால் அதே பெரியவர்கள், அதே ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வந்த மருந்து எவ்வளவு, மருத்துவர் எத்தனை நாள் வந்தார், இரவில் யார் இருக்கிறார்கள் என்று ஒருநாளேனும் கேட்டதுண்டா? கஞ்சிப் பானைக்கு ஒரு நீதி, உயிருக்கு ஒரு நீதியா?

இக்கேள்வியை நாம் எழுப்பக் காரணமான துயரத்தைச் சொல்லிவிடுகிறோம். சென்ற ஆண்டுக் கோடையில் நம்மிடம் ஓதும் ஒரு சிறுவனின் தாயார் காலமானார்கள். வெக்கை தாளாமல் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவரைப் பஜ்ருக்கு முன்பாகக் கட்டுவிரியன் தீண்டிவிட்டது. இப்பாம்பின் கடி பெரும்பாலும் வலிப்பதில்லை. பல் பட்ட தடமும் எளிதில் தெரிவதில்லை. வயிறு வலிக்கிறது என்றுதான் முதலில் சொன்னார்களாம். பிறகு இமைகள் சரிந்தன, நா குழறிற்று. ஆட்டோவில் ஏற்றிச் சுகாதார நிலையத்திற்குக் கொண்டு சென்றார்கள். கதவு திறந்திருந்தது, விளக்கு எரிந்தது, செவிலியர் ஒருவர் இருந்தார். மருத்துவர் இல்லை. விஷமுறிவு மருந்து இல்லை. அந்தச் செவிலியர் தம்மால் ஆனதைச் செய்து, அழாத குறையாக 108-ஐ அழைத்தார். தலைமை மருத்துவமனை நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. வழியிலேயே மூச்சு அடங்கிவிட்டது.

மையவாடியில் மண் தள்ளிவிட்டு நின்ற கூட்டம் ஒரே குரலில், “களாகத்ரு” என்றது. நாமும் அதையே சொன்னோம். அடுத்த ஜும்ஆவில் துண்டு விரித்தோம். விழுந்த பணத்தைக் குடும்பத்தாரிடம் ஒப்படைத்தோம். கடமை தீர்ந்தது என்று வீடு திரும்பினோம். பத்து நாள் கழித்து ஓத வந்த அச்சிறுவன், கிதாபைத் திறக்குமுன், “அஸ்ரத், அந்த மருந்து அங்கே ஏன் இல்லை?” என்று கேட்டான். முப்பது ஆண்டுகள் பாடம் நடத்திய நம்மிடம் அதற்கு விடையில்லை.

களாகத்ரை நாம் மறுக்கவில்லை. ஈமானின் அங்கமாகிய ஒன்றை மறுப்போமா? ஆனால் அதனை அதிகாரிகளின் அசட்டைக்குப் போர்வையாக்கும் உரிமையை நமக்குத் தந்தவர் யார்? அம்வாஸ் கொள்ளைநோய் ஷாம் தேசத்தைச் சூறையாடிய நாட்களில் கலீபா உமர் (ரலி) அவர்கள் அங்கே புறப்பட்டு, ஸர்க் என்னுமிடம் வரை வந்திருந்தார்கள். நோயின் செய்தி எட்டியதும் அவர்கள் தாமே முடிவெடுத்து ஆணையிடவில்லை. முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள், கருத்து இரண்டுபட்டது. அன்ஸாரிகளை அழைத்தார்கள், அங்கும் இரண்டுபட்டது. பின்னர் குறைஷியரின் முதியோரைக் கேட்டு, அவர்கள் ஒருமுகமாகச் சொன்னபடி திரும்பிச் செல்லத் தீர்மானித்தார்கள். அப்போது அபூஉபைதா (ரலி) அவர்கள், இறைவனின் விதியை விட்டு ஓடுவதா என்று கலீபாவையே நேருக்கு நேர் வினவினார்கள். அதற்குக் கலீபா தந்த மறுமொழியின் கருத்து நம் மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும்: ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம். செழித்த சரிவும் வறண்ட சரிவும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எங்கே மேய்த்தாலும் இறைவிதிப்படிதான் மேய்ப்பாய் என்று உவமையும் காட்டினார்கள். பின்னர் வந்து சேர்ந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ப் (ரலி) அவர்கள் நபிமொழியைக் கொண்டு அம்முடிவைச் சரிகண்டார்கள்.

இவ்வரலாற்றைக் கொரோனாக் காலத்தில் நாம் மேடைதோறும் எடுத்துச் சொன்னோம். சொன்னதெல்லாம் பாதிதான். நோயூருக்குள் நுழையாதே என்பதை எடுத்துக்கொண்டோம். மக்களின் உயிர் சம்பந்தப்பட்ட முடிவில் ஆட்சியாளர் கேட்டாக வேண்டும், ஆட்சியாளரைக் கேட்டாகவும் வேண்டும் என்னும் மறுபாதியை விட்டுவிட்டோம். ஸர்க்கில் கேள்வி கேட்ட அபூஉபைதா (ரலி) அவர்களை யாரும் கலகக்காரர் என்று சொல்லவில்லை.

அந்த மருந்தின் கதையையும் வாசகர்கள் அறிய வேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் முறிக்கும் ஒரே மருந்துதான் நம் நாட்டில் வழங்குகிறது. மாமல்லபுரத்திற்கு அருகே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கப்பெற்ற இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் பாம்புகளைப் பிடித்து நஞ்செடுத்துவிட்டு மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறது. அந்நஞ்சு தொழிற்சாலைகளுக்குப் போய், குதிரைகளின் உடலில் சிறிது சிறிதாகச் செலுத்தப்பட்டு, அவற்றின் இரத்தத்தில் ஊறும் எதிர்ப்பாற்றலே குப்பியில் மருந்தாகத் திரும்பி வருகிறது. நாட்டின் உயிர்காக்கும் மருந்துக்கு நஞ்சளிப்பது தமிழ் மண்; அந்த மண்ணிலேயே ஒரு தாய்க்குக் குப்பி கிடைக்கவில்லை! கடுமையான கடிக்கு எட்டுப் பத்துக் குப்பிகள் முதலிலேயே ஏற்ற வேண்டும். கட்டுவிரியன் கடியாயின் மூச்சுக்குத் துணைசெய்யும் கருவியும் வேண்டும். இது அபூர்வமான அமெரிக்க வைத்தியமன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்க வேண்டிய இன்றியமையா மருந்துகளுள் ஒன்றைத்தான் நாம் கேட்கிறோம்.

இந்நாட்டில் பாம்புக்கடியால் மாண்டோர் தொகையை 2020-இல் வெளியான ஓர் ஆய்வு ஆண்டுக்குச் சராசரியாக 58,000 என மதிப்பிட்டது. மடிபவர் யார்? வரப்பில் நடப்பவர், தரையில் படுப்பவர், குடிசையில் வாழ்பவர். 2024 நவம்பரில் தமிழக அரசு 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ்ப் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. நன்று, வரவேற்கிறோம். ஆயினும் கடியை அரசுக்கு அறிவிப்பது மருத்துவமனையின் கடமையானால், மருந்தில்லை என்பதை மக்களுக்கு அறிவிப்பது யாருடைய கடமை?

இங்கே அரசின் நற்செயல்களை மறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குப் பிரசவத்தில் மடியும் தாய்மார் இந்திய அளவில் 97, தமிழகத்தில் 54. மகிழத்தக்கதே. அண்டையிலுள்ள கேரளத்தில் 19 என்பதையும் சேர்த்துப் படித்தால் மகிழ்ச்சி அளவோடு நிற்கும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் நீரிழிவு மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் வீட்டுவாசலில் கொண்டுவந்து தருகிறது. நம் வீட்டு முதியோரும் பயன் பெறுகின்றனர். காப்பீட்டு அட்டையும் பலருக்கு உதவியிருக்கிறது. எனினும் நள்ளிரவில் நஞ்சேறிய உடம்புக்கு அட்டையால் ஆவதென்ன? அருகில் குப்பியும், ஏற்றத் தெரிந்த கையுமல்லவா வேண்டும்!

இனி நம் பக்கத்துக் குறைக்கு வருகிறோம். நம் ஜமாஅத்துகள் ஆம்புலன்ஸ் வாங்குகின்றன. டயாலிசிஸுக்குப் பணம் திரட்டுகின்றன. வளைகுடாவில் வியர்வை சிந்தும் பிள்ளைகள் மாதந்தோறும் அனுப்புகிறார்கள். அல்லாஹ் அவற்றை ஏற்றுக்கொள்வானாக. ஆனால் ஸதக்கா வேறு, ஹக்கு வேறு. ஸதக்கா கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. ஹக்கு மறுக்கப்பட்டால் அது அநீதி. அரசு தர வேண்டிய ஹக்கை நாம் ஸதக்காவால் அடைத்து வரும்வரை, ஓட்டை இருப்பதே அரசின் கண்ணுக்குத் தெரியாது. 2021-22-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதாரக் கணக்கின்படி நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காடு மக்கள் தம் மடியிலிருந்து நேராக அவிழ்த்துக் கொடுத்தது. அதே ஆண்டில் அரசுகள் செலவிட்டது நாட்டு உற்பத்தியில் 1.84 விழுக்காடு. 2025-க்குள் 2.5 விழுக்காடாக்குவோம் என்று 2017-ஆம் ஆண்டுத் தேசிய நலவாழ்வுக் கொள்கையில் எழுதிவைத்தது அரசுதான், நாமல்ல.

மக்களின் உடல்நலத்தை மேம்படுத்துவது அரசின் தலையாய கடமைகளுள் ஒன்றென்று அரசியல் சட்டத்தின் 47-ஆம் பிரிவு கூறுகிறது. அது வழிகாட்டும் நெறிதானே, வழக்காடும் உரிமையன்றே என்பார்க்கு, 1996-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை நினைவூட்டுகிறோம். வங்காளத்தில் ஓடும் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளி ஒருவரை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக, வசதியில்லை, படுக்கையில்லை என்று திருப்பியனுப்பின. முடிவில் தனியார் மருத்துவமனையில் சொந்தச் செலவில் சிகிச்சை பெற்றார். அவர் களாகத்ரு என்று இருந்துவிடவில்லை. தம் தொழிலாளர் சங்கத்துடன் வழக்காடினார். அவசர சிகிச்சையை மறுப்பது 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்றும், பணமில்லை என்று கூறி அரசு இக்கடமையிலிருந்து தப்ப இயலாது என்றும் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 25,000 ரூபாய் இழப்பீடும் வழங்கச் செய்தது. கூலிக்கு உழைப்பவருக்கு இருந்த நெஞ்சுரம், பட்டமும் பதவியும் உள்ள நம் பிரமுகர்களுக்கு இல்லாமற் போனதேன்?

ஹிஸாப் என்ற அரபுச் சொல் நமக்குப் பழகியதுதான். மறுமையின் ஹிஸாபை நினைந்து அஞ்சுகிறோம். அதே வேர்ச்சொல்லில் பிறந்தது ‘ஹிஸ்பா’. அப்பணியை ஏற்ற முஹ்தஸிப் கடைத்தெருவில் தராசை மட்டும் சோதித்தவர் அல்லர். 12-ஆம் நூற்றாண்டில் ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா நூலில் மருத்துவரையும் கண் வைத்தியரையும் இரத்தம் எடுப்போரையும் மருந்து விற்போரையும் எவ்வாறு சோதிக்க வேண்டுமென்று தனித்தனி அத்தியாயங்கள் உள்ளன. நம் சொற்பொழிவாளர்களோ மீலாது மேடையில் 1154-இல் நூருத்தீன் திமிஷ்கில் கட்டிய மருத்துவமனையையும், கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மன்ஸூரியையும் சொல்லிச் சொல்லிப் பூரிக்கின்றனர். பூரிப்பதில் தவறில்லை. மேடைக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளியுள்ள சுகாதார நிலையத்தில் மருத்துவர் இல்லாததும் அவர்கள் கண்ணில் பட வேண்டாமா?

சோதிப்பதற்குக் கருவி இல்லையென்றும் சொல்வதற்கில்லை. 1995 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு நிலையத்திற்கும் வங்கிப் புத்தகம் போல் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு அது. ஆகவே கணக்கு இருக்கிறது, கேட்பார்தாம் இல்லை. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில் எவரும் கேட்கலாம். முப்பது நாளில் விடை தர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டதாயின் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் தர வேண்டும்.

சிறுபான்மையினராகிய நாம் அரசைச் சீண்டலாமா என்று சில பெரியவர்கள் நம்மைத் தனியே அழைத்து எச்சரித்தார்கள். நோன்புக் கஞ்சிக்கு அரிசி ஒதுக்கும் அரசுக்கு நன்றி சொல்லச் சால்வையோடு செல்லும் தூதுக்குழுவில் முதல் வரிசையில் நிற்பவர்கள் அவர்களே. நன்றி சொல்லட்டும், சால்வையைப் போர்த்தியபின் அந்த ஒரு நிமிடத்தில் இரவு மருத்துவரைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா? மேலும் இது முஸ்லிம்களின் கோரிக்கை என்று யார் சொன்னது? அந்நிலையத்தின் வரிசையில் நம் பெண்களுக்கு முன்னும் பின்னும் நிற்பவர்கள் மீனவர் குப்பத்தாரும் காலனியில் வாழும் உழைப்பாளிகளும். அவர்களோடு சேர்ந்து கேட்பதில் நமக்கென்ன கூச்சம்?

அச்சிறுவனின் கேள்வியை நாம் ஒரு தாளில் எழுதிப் பத்து ரூபாய் வில்லை ஒட்டி அனுப்பினோம். விடை வந்தது. இருப்புப் பதிவேட்டின் படியில் அம்மருந்துக்கு நேராகப் பல வாரங்கள் ‘இல்லை’ என்றே எழுதப்பட்டிருந்தது. நாள்தோறும் எழுதிக் கையொப்பமும் இட்டிருந்தார்கள்! கேட்பவர் இல்லாத ஊரில் ‘இல்லை’ என்று எழுதுவது எவ்வளவு எளிது! நம் மனு போன பதினைந்தாம் நாள் குப்பிகள் வந்து சேர்ந்தன என்று செவிலியரே சொல்லியனுப்பினார்.

இரவு மருத்துவர் இன்னும் வரவில்லை. அது குறித்து அனுப்பிய இரண்டாம் மனுவுக்கு முப்பது நாள் கடந்தும் விடை இல்லாமையால் முதல் மேல்முறையீடு செய்துள்ளோம். திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுப்பதற்கு ஊர்ப் பொது மனு ஒன்றும் எழுதிவைத்திருக்கிறோம். இதுவரை அதில் கையொப்பமிட்டோர் நாற்பத்திரண்டு பேர். அவர்களில் மீனவர் உண்டு, பீடி சுற்றும் பெண்கள் உண்டு, அந்தச் சிறுவனின் தந்தையும் உண்டு. ஜமாஅத் நிர்வாகிகளுக்கென மேலே விட்டுவைத்த ஏழு வரிகள் மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கின்றன.