இல் கூர்... குற்றாலம்!

அக்கா மகள் பிளஸ் ஒன்ல தமிழை விட்டுட்டு பிரெஞ்சு எடுத்திருக்கா. பத்தாவது வரை தமிழ் கட்டாயம்னு 2006-ல சட்டம் வந்தாச்சு. அதுக்கு மேல? "மார்க் வரும் மாமா"ங்கறா. சரி வாசிட்டின்னேன்.

'பேசு'ங்கிற வினையோட நிகழ்காலம். பார்லே, பார்லஸ், பார்லன்ட்னு எழுத்துக்கூட்டி இழுக்கா. நோட்டுல ஒரு பிழை கிடையாது, ஆனா நான், நீ, அவன், அவர்கள் நாலுக்குமே ஒலி வெறும் 'பார்ல்'தான். ஒரே அசை. 'நாம்', 'நீங்கள்' வரும்போதுதான் பார்-லோன் (கடைசி ன் மூக்கோட நிக்கணும்), பார்-லேன்னு ரெண்டாகும். உடனே நேர், நிரைன்னு அலகிடாதீங்க. நிரையில ரெண்டு உயிர் உண்டு, அங்கே ஒரு உயிரொலிக்கு ஒரு அசை.

நம்ம ஊர் பேரை இங்கிலீஷ் போர்டுல பாருங்க. முதல் அஞ்சு எழுத்தைத் தனியா எடுத்தா பிரெஞ்சுல 'கூர்', ஓடுதுன்னு அர்த்தம். கடைசி 'ட்' ஊமை. அருவி ஓடுற ஊருக்குப் பொருத்தம்தான் :-)

இதையெல்லாம் "சைலன்ட் லெட்டர், மனப்பாடம் பண்ணு"ன்னு சொல்லிக் குடுக்கறதுதான் எனக்கு ஆகலை. பத்தாவது வரை படிச்ச தமிழ் இலக்கணம் எதுக்கு இருக்கு? 'காசு'ல உகரம் அரை மாத்திரையாக் குறையுது, அங்கே கடைசி 'எ' இன்னும் தேஞ்சு காணாமலே போச்சு. வீடு + இல்லை வீடில்லை ஆகுற மாதிரிதான் ஜெ + எம், 'ஜெம்' (நான் நேசிக்கிறேன்). 'அவனிடம் உண்டா?'ன்னு கேக்க ஆ + இல் சேரும்போது நடுவுல ஒரு 'த்' வந்து 'ஆ-தில்'. நம்ம உடம்படுமெய்க்குச் சித்தப்பா பையன்! தமிழைக் கழிச்சுட்டு பிரெஞ்சு படிக்கிற பிள்ளைக்கு இந்த வாசலையும் சேர்த்துல்லா அடைக்கோம்.

அதுவும் எந்த ஊர்ல? பாட்டை வாய்விட்டுச் சொல்லி, காதால அனுபவிக்கணும்னு ஊருக்கே காட்டின ரசிகமணி டி.கே.சி. இருந்த தென்காசியில.

கையைத் தட்டித் தட்டிச் சொல்ல வெச்சேன். அரைமணி நேரத்துல வந்துருச்சு. அப்புறம் கேட்டா பாருங்க: "நாலும் ஒரே சத்தம்னா ஏன் மாமா வேற வேற எழுத்து?"

முன்ன அதையெல்லாம் உச்சரிச்சாங்க, வாய் தேஞ்சுது, எழுத்து அப்படியே நின்னுருச்சுன்னேன். "நீயே 'வந்துகொண்டிருக்கிறான்'னு எழுதிட்டு எப்படிச் சொல்லுவே?"

"வந்துட்டிருக்கான்."

"அம்புட்டுதான்."