கப்பல் வராத நாட்கள்

“கப்பல் என்றைக்கு?” என்னும் கேள்வி, இத்தீவுகளில் “சௌக்கியமா?” என்பதற்கு அடுத்தபடியாக வழங்குவது. பெருநிலத்தில் வாழ்வோர்க்கு ஒரு ரயில் தவறினால் மற்றொரு ரயில் உண்டு. அதுவும் தவறினால் பஸ் உண்டு. நமக்கோ, சென்னைத் துறைமுகத்துக்கும், 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற நம் போர்ட் பிளேருக்கும் இடையே ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர் தூரமும் நீரே. அதனைக் கடக்கக் கப்பலுக்கு இரண்டரை நாளோ மூன்று நாளோ பிடிக்கும். விமானம் இரண்டு மணி நேரத்திற் சேர்த்துவிடும் என்பது மெய்தான். ஆயினும் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் கோடை விடுமுறையில் விமானம் ஏறுவதென்பது இரண்டு மணி நேரத்தில் முடிகிற காரியம் அன்று. திரும்பி வந்து இரண்டு வருஷம் கடன் அடைக்கிற காரியம்.

இப்பகுதிக்கு வரும் கடிதங்களுட் பெரும்பாலானவை கப்பல் பழுதைப் பற்றியனவாகவே இருக்கின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் சொல்கிறோம். சிவகங்கைப் பக்கத்தைச் சேர்ந்த அன்பர் ஒருவர், ஊரில் தந்தையார் காலமான செய்தியைக் கேட்டார். விமானச் சீட்டுக்குப் பணம் இல்லை. அடக்கத்துக்குத்தான் போக இயலவில்லை, பதினாறாம் நாட் காரியத்துக்கேனும் போய்விடலாம் என்று கப்பற் சீட்டு வாங்கினார். என்ஜின் பழுது என்று முதலில் இரண்டு நாள் ஒத்தி வைத்தார்கள். பிறகு மேலும் மூன்று நாள். அவர் ஊர் போய்ச் சேர்ந்தது பதினெட்டாம் நாள். தம்பி முறைப்படி எல்லாவற்றையும் செய்து முடித்திருந்தார். அதில் ஒரு குறையும் இல்லை. தாயார் தம்மை ஒரு வார்த்தை ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும் என்றும், அவர் ஒன்றுமே கேளாமல் சோறு போட்டதுதான் தாங்க முடியவில்லை என்றும் அன்பர் எழுதியிருக்கிறார். நஷ்ட ஈடு கோரி எந்த அலுவலகத்துக்கு இதனை விண்ணப்பமாக எழுதுவது?

நிற்க. கப்பல் ஏன் நின்றுவிடுகிறது என்பதை நாம் சற்றே அறிந்துகொள்வது நலம். அறியாமையால் நாம் மாலுமிகளை வீணே நோகிறோம். பெரிய பயணிக் கப்பல்களில் வழக்கமாக இரண்டு பெரிய டீசல் என்ஜின்கள் உண்டு. ஒன்று ஓய்ந்தாலும் மற்றொன்றைக்கொண்டு மெல்ல ஊர்ந்து கரை சேர்ந்துவிடலாம். ஆதலால்தான் நாம் கேள்விப்படும் பழுதுகளிற் பல, “கப்பல் நின்றது” என்று முடியாமல் “கப்பல் ஒரு நாள் தாமதம்” என்று முடிகின்றன. இரண்டும் ஒருங்கே ஓய்வதற்கு எண்ணெயோ மின்சாரமோ காரணமாதல் உண்டு. எண்ணெய்த் தொட்டியின் அடியிற் படிந்து கிடக்கும் வண்டல், கடல் கொந்தளிக்கும்பொழுது கலங்கி மேலெழுந்து வடிகட்டிகளை அடைத்துவிடும். அன்றியும், கடல் நீரை உறிஞ்சித்தான் என்ஜினைக் குளிர்விக்கிறார்கள். அந்தக் குழாயின் வாயை ஒரு பிளாஸ்டிக் உறை அடைத்தாலும் போதும். ஜெனரேட்டர் நின்றாலோ விளக்கு, காற்றாடி, தண்ணீர்ப் பம்பு, சமையற்கட்டு யாவும் ஒரு சேர நின்றுவிடும்.

இவற்றுக்கெல்லாம் மேலான காரணம் வயது. நம்மவர் பலர் பயணம் செய்த நான்கௌரி, நிக்கோபார் என்னும் கப்பல்கள் போலந்து நாட்டிற் கட்டப்பெற்று, 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வந்தவை. ஸ்வராஜ் தீப் விசாகப்பட்டினத்திற் கட்டப்பெற்று 1999இல் வந்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,200 பேரை ஏற்றத்தக்கது. கப்பலுக்கு இருபத்தைந்து வயது என்பது மனிதனுக்கு அறுபது வயது போன்றது. நடமாடலாம்; ஆனால் மருந்துச் சீட்டு நீண்டுகொண்டே போகும். பழைய என்ஜினுக்கு உதிரிப் பாகம் கடைத்தெருவிற் கிடைப்பதன்று. சொல்லிச் செய்விக்க வேண்டியது. அதன்மேல், ஐந்தாண்டுக்கு இரண்டு முறையேனும் கப்பலின் அடிப்புறத்தைச் சோதிக்க வேண்டுமென்பது விதி. அதற்காக உலர்துறையில் ஏற்றினால் வாரக்கணக்கில் அது நமக்கு இல்லை. இருக்கிற சில கப்பல்களில் ஒன்று உலர்துறையில் இருக்கும்பொழுது மற்றொன்று பழுதுபட்டால், அந்த ஒரு நடை நின்றதனால் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கரையில் நிற்பர். அடுத்த கப்பலிலோ முன்னரே சீட்டு வாங்கியவர்கள் இருப்பார்கள். குளத்தின் மடை அடைத்தது போல, நெருக்கடி ஒரு மாதம் வரையில் வடியாது.

நடுக்கடலில் நிற்கும் அநுபவம் வேறு. சில ஆண்டுகளுக்கு முன் நாம் சென்ற கப்பல் ஒன்று, சென்னையை விட்டு இரண்டாம் நாள் மாலையில் ஓசை அடங்கிப்போயிற்று. என்ஜின் ஓசைக்குப் பழகிவிட்ட காதுக்கு அந்த அமைதி பயங்கரமாக இருந்தது. ஓடுகிற கப்பல் அலையை வெட்டிக்கொண்டு போகும். நின்ற கப்பலோ அலைக்குப் பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு, தொட்டில் போல ஆடும். பங்க் வகுப்பில் முந்நூறு பேர் படுத்திருந்த கூடத்திற் காற்றாடிகள் நின்றன. அரை மணிக்குள் புழுக்கம் தாங்காமல் யாவரும் மேல் தளத்துக்கு ஏறினார்கள். வாந்தி எடுப்போர் ஒரு பக்கம். சீட்டாட்டத்தை மாத்திரம் நிறுத்தாத நால்வர் ஒரு பக்கம். அவர்களுடைய மனத்திடத்தைப் பாராட்டுவதா, கடிவதா என்று இன்றளவும் நமக்குத் தெரியவில்லை.

நங்கூரம் போட்டு நிறுத்தக்கூடாதா என்று ஒரு பெரியவர் கேட்டார். அவ்விடத்திற் கடலின் ஆழம் ஏறத்தாழ மூவாயிரம் மீட்டர். எந்தச் சங்கிலியும் அடி எட்டாது என்று மாலுமி ஒருவர் விளக்கியபொழுது, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் முகம் மேலும் வெளுத்ததே தவிரத் தெளியவில்லை. திருநெல்வேலியைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் அவரைக் கைகாட்டி அழைத்து, “தம்பி, கரை எந்தப் பக்கமய்யா இருக்கு?” என்றார். அவர் கிழக்கே காட்டி, “அந்தப் பக்கம் ஆச்சி” என்றார். ஆச்சி அதன் பிறகு இரவு முழுவதும் கிழக்கு நோக்கியே அமர்ந்திருந்தார்.

பதினான்கு மணி நேரம் கழித்து ஒரு என்ஜின் மட்டும் இயங்கத் தொடங்கியது. அந்தப் பதினான்கு மணி நேரத்தில் ஒலிபெருக்கி இரண்டே முறை பேசிற்று; இரண்டு முறையும் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே பேசிற்று. ஏறியிருந்தவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர். “கப்பல் மூழ்கப்போகிறதாம்” என்று ஒருவரும், “கடற்படைக் கப்பல் வருகிறதாம்” என்று மற்றொருவரும் கட்டிவிட்ட செய்திகள், உண்மைச் செய்தி வராத இடத்தை எல்லாம் நிரப்பின. என்ஜின் பழுதுபடுவது யாருக்கும் நேரக்கூடியது. அதனை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் என்ன பழுது, எத்தனை மணி நேரமாகலாம், குடிநீர் எவ்வளவு இருக்கிறது என்னும் மூன்று செய்திகளை மணிக்கு ஒரு முறை மூன்று மொழிகளிற் சொல்வதற்கு உதிரிப் பாகம் ஒன்றும் வேண்டியதில்லை அன்றோ?

தீவுகளுக்கு இடையே ஓடும் படகுகளின் கதை இன்னும் சிறியது. ஆனால் அன்றாடம் வருத்துவது. சாத்தத்திலிருந்து பாம்பூ பிளாட்டுக்கு வண்டி ஏற்றும் படகிற் போனால் சில நிமிடப் பயணம். அது நின்றால் பெரார்கஞ்ச் வழியாகத் தரை மார்க்கத்தில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டும். அலுவலகம் செல்வோர் சுற்றிக்கொள்ளலாம். பிரசவ வேதனையில் இருப்பவள் என்ன செய்வாள்? காம்ப்பெல் பே 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அங்கும் கச்சாலிலும் கப்பல் ஒரு வாரம் வராவிடில் காய்கறியின் விலையே நாட்காட்டியாகிவிடும்.

நின்ற படகுக்குப் பிறகு வரும் முதற் படகில் முண்டியடித்து ஏறுவதைப் பற்றியும் ஒரு சொல். 2014ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், நம் துறைமுகத்துக்கு அருகிலேயே, அளவுக்கு மீறிய ஆட்களை ஏற்றிய உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிற் பலர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள். அது பழுதினால் நேர்ந்தது அன்று, நெரிசலினால் நேர்ந்தது. ஆனால் பழுது நெரிசலைப் பிறப்பிக்கிறது. “எப்படியாவது ஏறிவிடு” என்று பிள்ளைகளுக்குச் சொல்லியனுப்புகிற பெற்றோர் இதனை நினைவிற் கொள்ளவேண்டும்.

கச்சால் தீவிலுள்ள நம் குடும்பங்களுக்குக் கப்பலும் ரயிலும் இணைந்த பயணம் புதிதன்று. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பி, பின்னர் அத்தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர்கள் அவர்கள். தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலில் வந்ததை முதியோர் இன்றும் சொல்வர். அவ்வழிக்கு முன்னோடி 1914இல் தொடங்கிய போட் மெயில். சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில். யாவற்றுக்கும் ஒரே சீட்டு. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும் வரையில் அவ்வழி இருந்தது.

இன்று நம் நிலை என்ன? இரண்டு ரயில்களைத் தொடர்பாகப் பதிவு செய்தவர்க்கு, முதல் ரயிலின் தாமதத்தால் இரண்டாவது தவறினால் பணம் திரும்பக் கிடைக்கும் ஏற்பாடு 2019 முதல் இருக்கிறது. கப்பலின் தாமதத்தால் ரயில் தவறினால் ஒன்றும் இல்லை. சென்னைத் துறைமுகத்தில் நள்ளிரவில் இறங்கி, போய்விட்ட நெல்லை ரயிலின் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, குழந்தை குட்டிகளுடன் எழும்பூரில் விடியும் வரை உட்கார்ந்திருந்த குடும்பங்கள் நம்முள் எத்தனை! 1914இல் இயன்றது இன்று ஏன் இயலவில்லை என்று அரசினரைக் கேட்பது முறையற்ற கேள்வி ஆகாது.

அதுவரையில் நாம் செய்யத்தக்கவை சில. கப்பல் சேரும் நாளுக்கும் அடுத்த ரயிலுக்கும் இடையே இரண்டு முழு நாள் விட்டுப் பதிவு செய்க. சர்க்கரை, இரத்த அழுத்தம் முதலியவற்றுக்கு மருந்து உண்போர் மூன்று நாளுக்கு என்று கணக்கிடாமல் பத்து நாளுக்கு எடுத்துச் செல்க. அதனையும் சாமானோடு கட்டிவிடாமல் கைப்பையில் வைக்க. கைக்குழந்தையுடன் போகிறவர்கள் கப்பலின் சமையற்கட்டை நம்பாமல் சத்துமாவும் வெந்நீர்க் குடுவையும் கொண்டுபோவது நன்று. கப்பல் ஒத்தி வைக்கப்பட்டால், அறிவிப்புப் பலகையின் முன் கூடி நின்று ஏசிவிட்டு வீடு திரும்புவதோடு நில்லாமல், ஒத்திவைப்பை எழுத்தில் கேட்டு வாங்குக. வேலையில் விடுப்பு நீட்டிக்கவும், கல்லூரியில் காரணம் காட்டவும் அந்தத் துண்டுக் காகிதம்தான் பேசும்.

கல்லூரியிற் சேருவதற்காகப் பெருநிலம் செல்லும் மாணவர்களுக்குக் கப்பலில் முன்னுரிமை வேண்டி நம் சங்கம் விண்ணப்பம் ஒன்று தயாரித்து வருகிறது. சேர்க்கைக் கடிதம் பெற்றவர்கள் அதன் நகலையும், சேரவேண்டிய நாளையும், வாங்கியுள்ள கப்பற் சீட்டின் விவரத்தையும் இம்மாத இறுதிக்குள் செயலாளரிடம் ஒப்படைக்கவேண்டும். நகல் இணைக்காமல் பெயரை மட்டும் எழுதித் தந்தால் துறைமுக அலுவலகத்தில் ஏற்கமாட்டார்கள்.