நன்மை, தீமை என்றொரு பொய்க்கணக்கு

ஐரோப்பியர் ஆப்பிரிக்காவை ஆண்ட கதையை ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்த ஒரு சுலப வழி உண்டு. உலகெங்கும் ஆசிரியர்கள் அதைத்தான் கையிலெடுக்கிறார்கள். கரும்பலகையின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் நன்மைகள், வலப்பக்கம் தீமைகள். ரயில், சாலை, மருத்துவமனை, பள்ளிக்கூடம் ஒரு பக்கம். கட்டாய உழைப்பு, நிலப்பறிப்பு, மனம்போன போக்கில் போட்ட எல்லைகள் மறுபக்கம். பிள்ளைகள் இரண்டு பக்கத்தையும் நிரப்புகிறார்கள். "ஆகவே நல்லதும் இருந்தது, கெட்டதும் இருந்தது" என்று ஆசிரியர் முடித்துவைக்கிறார். இதற்கு நடுநிலை என்று பெயரும் சூட்டியாகிவிட்டது. வரலாற்றைச் சொல்லாமலே சொன்னதாகக் காட்டிக்கொள்ளும் தந்திரம் இது என்பதே என் கட்சி.

ஏதோ சோம்பேறி ஆசிரியரின் குறுக்குவழி என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஓர் அரசே இந்தக் கணக்கின் நன்மைப் பக்கத்தைச் சட்டமாக்கியது. 2005 பிப்ரவரி 23 அன்று பிரான்ஸ் இயற்றிய சட்டத்தின் நான்காம் பிரிவு, கடல்கடந்த நாடுகளில், குறிப்பாக வட ஆப்பிரிக்காவில், பிரெஞ்சுக்காரர்கள் ஆற்றிய நற்பங்கைப் பள்ளிப் பாடத்திட்டங்கள் ஏற்றுச் சொல்ல வேண்டும் என்றது. 1830-இல் அல்ஜீரியாவுக்குள் படையோடு நுழைந்து, எட்டாண்டுகால விடுதலைப் போருக்குப் பின் 1962-இல் வெளியேறிய நாடு, தன் பிள்ளைகளுக்கு அதன் நற்பயனைக் கற்பிக்க ஆசைப்பட்டது. வரலாற்றாய்வாளர்கள் கொதித்தார்கள். மார்த்தினிக் தீவின் கவிஞர் எமே செசேர், தம்மைப் பார்க்க வரவிருந்த உள்துறை அமைச்சர் நிக்கோலா சார்க்கோசியைச் சந்திக்க மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அந்த வாசகம் நீக்கப்பட்டது. சட்டம் போயிற்று, நம்பிக்கை போகவில்லை. "வெள்ளைக்காரன் வராட்டி ரயில் வந்திருக்குமா?" என்று நம்மூர்த் தேநீர்க் கடையில் கேட்கிறவர் வாயிலும் அதே நம்பிக்கைதான் இருக்கிறது.

சரி, ரயிலிலிருந்தே தொடங்குவோம். நன்மைப் பட்டியலில் முதலில் வருவது அதுதானே.

1901-இல் இன்றைய கானாவின் செகொண்டித் துறைமுகத்திலிருந்து போட்ட பாதை தார்க்வா தங்கச் சுரங்கத்தை எட்டியது. இன்றைய கென்யாவின் மொம்பாசாவில் 1896-இல் தொடங்கிய உகாண்டா ரயில்பாதை 1901-இல் விக்டோரியா ஏரியைத் தொட்டது. அதைப் போட பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, 30,000-க்கும் மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகள் கொண்டுபோகப்பட்டார்கள். ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே மாண்டார்கள். போட்ட பணத்தை ஈட்ட வேண்டுமே! பாதையோரத்து மேட்டுநிலங்களில் வெள்ளையர் குடியமர்த்தப்பட்டார்கள். மாசாய், கிக்குயு மக்கள் நிலமிழந்தார்கள். பிரஸ்ஸாவில் நகரைக் கடலோடு இணைக்க பிரெஞ்சுக்காரர்கள் 1921 முதல் 1934 வரை போட்ட பாதையில், கட்டாயமாக இழுத்துவரப்பட்ட ஆப்பிரிக்கத் தொழிலாளர்களில் குறைந்தது 15,000 பேர் இறந்தார்கள்.

இந்தப் பாதைகளை ஒரு பிள்ளை வரைபடத்தில் பென்சிலால் தொடர்ந்து பார்க்கட்டும். பெரும்பாலானவை சுரங்கத்திலோ தோட்டத்திலோ தொடங்கித் துறைமுகத்தில் முடியும். பக்கத்து ஊரையும் பக்கத்து நாட்டையும் இணைத்தவை அரிது. சுவரேறிக் குதித்த திருடன் விட்டுப்போன ஏணியை அவன் தந்த அன்பளிப்பு என்று யாராவது எழுதிவைப்பார்களா?

"எப்படியிருந்தாலும் ரயில் வந்ததல்லவா?" என்பார்கள். ரயில் வாங்க ஒரு நாடு தன்னை அடகுவைத்திருக்க வேண்டியதில்லை. யாருக்கும் அடிமையாகாத ஜப்பானில் 1872-இலேயே ரயில் ஓடியது. ஆப்பிரிக்காவிலேயே சான்று இருக்கிறது. எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் மெனெலிக் 1894-இல் ரயில்பாதைக்கான உரிமத்தை வெளிநாட்டாருக்குத் தாமே வழங்கினார். 1896 மார்ச் 1 அன்று அட்வாவில், தம் நாட்டைப் பிடிக்க வந்த இத்தாலியப் படையை முறியடித்தார். 1917-இல் ஜிபூட்டியிலிருந்து அடிஸ் அபாபாவுக்கு ரயில் வந்து சேர்ந்தது. தோற்காத நாட்டுக்கும் ரயில் வந்தது.

கரும்பலகையின் இரண்டு பக்கத்திலும் பெரும்பாலும் இடம்பெறாத சொல் ஒன்று உண்டு: வரி. காலனியாட்சி எப்படி நடந்தது என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் புரியவைக்க இதைவிடத் தெளிவான வாசல் இல்லை. தன் நிலத்தில் விளைத்து உண்பவனுக்கு வெள்ளைக்காரனிடம் கூலிக்குப் போகும் தேவையே கிடையாது. அவன் குடிசைக்கு வரி போடு. தானியமாக வேண்டாம், காசாகக் கட்டு என்று சொல். காசு கிடைக்கும் இடங்களோ வெள்ளையரின் தோட்டமும் சுரங்கமும். இனி அவன் தானாகவே வந்து நிற்பான். சியரா லியோனில் 1898-இல் இந்தக் குடிசை வரியை எதிர்த்துப் பாய் புரே தலைமையில் ஒரு போரே நடந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் ஆள் ஒன்றுக்கு ஒரு பவுன் தலைவரி விதித்தபோது, 1906-இல் பம்பாத்தா தலைமையில் ஜுலு மக்கள் எழுந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள்.

இங்கே நம் பங்குக்கும் ஒரு மறதி இருக்கிறது. அதே நேட்டாலில் ஒப்பந்தம் முடிந்த இந்தியக் கூலிகள் மீது போட்ட மூன்று பவுன் வரியை நாம் அறிவோம். அதை எதிர்த்த போராட்டத்தில் சிறைசென்று 1914-இல் பதினாறு வயதில் மறைந்த தில்லையாடி வள்ளியம்மையை அறிவோம். ஜுலுக்கள் மீது விழுந்த ஒரு பவுன் வரி நமக்குத் தெரியாது. பம்பாத்தா எழுச்சியின்போது காந்தி பிரிட்டிஷார் பக்கம் தூக்குப்படுக்கைப் படை ஒன்றைத் திரட்டிச் சென்றதையும் நாம் அதிகம் பேசுவதில்லை. இரண்டு வரிகளுக்கும் நோக்கம் ஒன்றே: மலிவான உழைப்பைக் கையைவிட்டுப் போகாமல் பிடித்துவைப்பது. இரண்டையும் ஒரே வகுப்பில் நடத்தினால் தமிழ்ப் பிள்ளைக்கு ஆப்பிரிக்கா அந்நியமாகத் தோன்றாது.

பள்ளிக்கூடம் தந்தார்களே என்ற வாதமும் உண்டு. பெல்ஜியக் காங்கோவில் தொடக்கப் பள்ளிகள் கணிசமாகவே இருந்தன. பெரும்பாலும் மிஷனரிகள் நடத்தியவை. ஆனால் 1954 வரை அங்கே ஒரு பல்கலைக்கழகம் இல்லை. மேற்கு ஐரோப்பாவுக்கு நிகரான பரப்புள்ள அந்த நாடு 1960 ஜூன் 30 அன்று விடுதலை பெற்றபோது காங்கோலியப் பட்டதாரிகளின் எண்ணிக்கை முப்பதைத் தாண்டவில்லை. கடிதம் படிக்கும் எழுத்தர் தேவைப்பட்டார். ஆட்சி நடத்தக்கூடியவர் தேவைப்படவில்லை. பள்ளிக்கூடம் இருந்ததா என்பதோடு எங்கே நிறுத்தினார்கள் என்றும் கேட்டால்தான் பாடம் தொடங்குகிறது.

இந்தப் பட்டியலுக்குள் இன்னொரு பொய்யும் ஒளிந்திருக்கிறது. ஐரோப்பியர் வருமுன் ஆப்பிரிக்கா வெற்றுப் பலகை என்று அது சொல்லாமல் சொல்கிறது. திம்புக்துவின் சுவடிகளும், 1897-இல் பிரிட்டிஷ் படை பெனின் நகரைச் சூறையாடி அள்ளிச்சென்ற உலோகச் சிற்பங்களும் அந்தப் பலகையில் ஏறுவதில்லை. மகா ஜிம்பாப்வேயின் கல்மதில்களை ஆப்பிரிக்கரே கட்டினர் என்று 1905-இல் ராண்டல் மக்கைவரும் 1929-இல் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சனும் அகழாய்ந்து சொன்ன பிறகும், ரொடீசியாவின் வெள்ளை அரசுக்கு அந்த உண்மை கசந்தது.

"ஆப்பிரிக்கரே அடிமை வணிகம் செய்யவில்லையா?" என்று கேட்பார்கள். செய்தவர்கள் இருந்தார்கள், அதையும் மறைக்காமல் நடத்த வேண்டும். கூடவே இதையும் சொல்லுங்கள்: அடிமை வணிகத்தை ஒழிக்கவே காங்கோவுக்குப் போவதாக உலகத்தை நம்பவைத்த பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் நிர்வாகம், சான்சிபாரின் பெரும் அடிமை வணிகரான திப்பு திப்பையே 1887-இல் ஸ்டான்லி அருவிப் பகுதிக்கு ஆளுநராக்கியது.

அப்படியானால் எதை வைத்துப் பாடம் நடத்துவது? அந்த லியோபோல்டின் காங்கோவிலேயே விடை இருக்கிறது. லிவர்பூலைச் சேர்ந்த எல்டர் டெம்ப்ஸ்டர் கப்பல் நிறுவனத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் இ.டி. மோரல். 1890-களின் இறுதியில் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் சரக்குகளைக் கவனித்தார். காங்கோவிலிருந்து வந்த கப்பல்களில் ரப்பரும் தந்தமும் நிறைந்திருந்தன. திரும்பிப் போன கப்பல்களில் துப்பாக்கியும் தோட்டாவும் படை அதிகாரிகளும். வாங்கிய பொருளுக்கு ஈடாக விற்பனைச் சரக்கு ஏறக்குறைய எதுவும் போகவில்லை. விலை கொடுக்காமல் ரப்பர் எப்படி வருகிறது? அடித்து வாங்குகிறார்கள் என்ற முடிவுக்கு அந்தக் கணக்கேடே அவரைக் கொண்டுசேர்த்தது. இதிலும் இரண்டு பத்திகள்தாம்: வந்தது, போனது. இந்த இரண்டையும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். நன்மையா தீமையா என்று கேட்க வேண்டாம். என்ன நடந்திருக்கும் என்று மட்டும் கேளுங்கள். கண்டுபிடித்துவிடுவார்கள்.

கணக்கு வைத்தவர்கள் வெள்ளையர் மட்டுமில்லை. லியோபோல்டு வேறுவழியின்றி அமைத்த விசாரணைக் குழுவின் முன் பொலிமா ஊர்த் தலைவர் லொன்டுலு வந்தார். 110 குச்சிகளை மேசைமேல் வைத்தார். ஒவ்வொரு குச்சியும் ரப்பருக்காகக் கொல்லப்பட்ட தம் மக்களில் ஒருவர். குலத்தலைவர்கள், ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என்று நான்கு குவியலாகப் பிரித்து, ஒவ்வொரு குச்சிக்கும் உரிய பெயரைச் சொன்னார். அத்தகைய வாக்குமூலங்களை அரசு அப்போது வெளியிடவில்லை; பல பத்தாண்டுகள் ஆவணக் காப்பகத்தில் பூட்டிவைத்தது. அதற்கு முன்பே, 1884 நவம்பரில் பெர்லினில் 14 அரசுகள் கூடி ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேசியபோதும் ஓர் ஆப்பிரிக்கரும் அழைக்கப்படவில்லை. நன்மை தீமைப் பட்டியலிலும் ஆப்பிரிக்கர் பேசுவதில்லை. ஒரு பக்கம் கொடை வாங்குகிறார், மறுபக்கம் அடி வாங்குகிறார். லொன்டுலுவின் குச்சிகள் இருக்கும் வகுப்பறையில் அவர் சாட்சி சொல்கிறார், வழக்காடுகிறார்.

இறுதியாக, "சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் வேண்டாமே" என்ற தயக்கம். காங்கோவில் வெட்டுண்ட கைகளின் படத்தை வகுப்பில் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கப்பல் கணக்கும் குச்சிகளும் போதும். ஆனால் வயதைக் காரணம் காட்டி உண்மையையே தள்ளிவைப்பவர்கள் 1976 ஜூன் 16-ஐ நினைக்க வேண்டும். எந்த மொழியில் பாடம் நடத்துவது என்று தென்னாப்பிரிக்க வெள்ளை அரசு திணித்ததை எதிர்த்து சொவெட்டோவின் பள்ளிப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். காவலர் சுட்டதில் இறந்த ஹெக்டர் பீட்டர்சனுக்கு வயது பன்னிரண்டு. சுடப்படும் வயது வந்துவிட்டதென்றால் தெரிந்துகொள்ளும் வயதும் வந்துவிட்டது.

கயானாவில் பிறந்து தார் எஸ் சலாமில் பாடம் நடத்திய வரலாற்றாய்வாளர் வால்ட்டர் ராட்னி இந்த வரவு செலவு வாதத்தை 1972-இலேயே உடைத்துக் காட்டினார். அரை நூற்றாண்டு கழிந்தும் கரும்பலகையில் அந்தக் கோடு அழியவில்லை. தடுப்பூசியால் பிழைத்த குழந்தைகளை மறைக்கச் சொல்லவில்லை. பள்ளியில் படித்துத் தம்மை ஆண்டவர்களையே எதிர்த்து எழுதியவர்களையும் மறைக்கச் சொல்லவில்லை. அவற்றை ஒரு தட்டிலும் பிணங்களை மறுதட்டிலும் வைத்து நிறுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். ஆசிரியர்களே, பாடநூல் எழுதுவோரே, "நன்மை தீமைகளை எழுதுக" என்ற வினாவை அடியோடு நீக்குங்கள். யார் முடிவெடுத்தார்கள், யார் உழைத்தார்கள், பலன் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்ற மூன்று கேள்விகளை அந்த இடத்தில் வையுங்கள். பட்டியலை மனப்பாடம் செய்த பிள்ளை ஐந்து மதிப்பெண் வாங்கும். இந்த மூன்றையும் கேட்கப் பழகிய பிள்ளையை நாளை எந்த ஆட்சியும் ஒரு ரயிலைக் காட்டி ஏமாற்ற முடியாது.