பங்கு பிரிந்த வீட்டைப் பாழாக விடலாமா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உண்டு. பித்தளை அண்டா, எனாமல் தூக்குகளுக்கு நடுவே, பெயர்த்தெடுத்த வாசல் நிலைகளும் சுவரில் சாய்ந்து நிற்கும். மேல்கட்டையில் கஜலட்சுமி. வெள்ளிக்கிழமைதோறும் யாரோ வைத்த சந்தனமும் குங்குமமும் செதுக்கலின் இடுக்குகளில் இன்னும் காய்ந்து ஒட்டியிருக்கும். நிலை கடைக்கு வந்துவிட்டதென்றால், ஏதோ ஓர் ஊரில் ஒரு வீடு போய்விட்டது என்று அர்த்தம். நகரத்தார் வீட்டில் பிறந்த எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 1940-கள் வரை செட்டிநாட்டில் நகரத்தார் வீடுகள் எழுந்தன. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கொண்டுவிற்று, அதாவது வட்டிக்குக் கடன் கொடுத்து, ஈட்டிய பணம் கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் தேக்குத் தூணாக, இத்தாலிய சலவைக்கல்லாக, ஆத்தங்குடித் தரையாக மாறியது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த சுவர்ப்பூச்சு, இன்று தடவினாலும் கண்ணாடிபோல் வழுக்குகிறது.

அந்தப் பணத்தின் கதை முழுவதும் பெருமைக்குரியதல்ல. 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடனைக் கட்ட முடியாத பர்மிய உழவர்களின் நிலம் கடன் கொடுத்த நகரத்தார் கைக்கு வந்தது. கீழ்பர்மாவின் நெல் விளையும் நிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு அப்படிச் சேர்ந்தது. 1942-இல் ஜப்பான் படை நுழைந்ததும் நம்மவர்கள் போட்டது போட்டபடி ஊர் திரும்பினார்கள். பர்மா விடுதலை பெற்றபின் நிலமும் போயிற்று. மிஞ்சியது வீடு ஒன்றுதான்.

அந்த வீட்டை இன்று பாழாக்குவது வறுமை அல்ல. அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் வசதியாக இருக்கும் பங்காளிகளுக்கு ஓடு மாற்றப் பணம் இல்லாமலா போயிற்று? எங்கள் ஐயா கட்டிய வீட்டையே சொல்கிறேன். மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, நடு முற்றமான வளவும் முன்புற முகப்பும் எல்லோருக்கும் பொது என்பது அன்றைய ஏற்பாடு. மூன்று தலைமுறையில் புள்ளிகள், அதாவது மணமான குடும்பங்கள், பெருகின. அவரவர் அறைக்கு அவரவர் பூட்டு. பொது இடத்துக்குப் பொறுப்பாளி இல்லை. இரண்டாம் கட்டில் ஓடு நழுவி, மழைநீர் இறங்கி, தேக்கு உத்தரம் உளுத்தது. சுவரில் அரசஞ்செடி வேர் விட்டது. முன்னோருக்கான படைப்புக்குக் கூடும்போதெல்லாம் அதைப் பற்றிப் பேசுவோம், கலைந்து போவோம்.

சில வீடுகள் விடுதிகளாகிப் பிழைத்திருக்கின்றன. நல்லதுதான். ஆனால் எல்லா வீடும் விடுதியாக முடியாது. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியல் வந்து ஓடு மாற்றாது.

வழி நம் மரபிலேயே இருக்கிறது. காசியில் நகரச் சத்திரத்தைத் தலைமுறைகளாகக் கூடி நடத்தி வருபவர்கள் நாம். வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கை எடுத்துவைத்துக் கோயில் கட்டியவர்கள் நாம். சொந்த வீட்டுக்கும் அதே முறையைக் கொண்டுவரலாம். பங்காளிகள் சேர்ந்து ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்யட்டும். ஆண்டுக்குப் புள்ளி வரி போல ஒரு தொகை கட்டட்டும். விலக விரும்புகிறவர் தம் பங்கை முதலில் பங்காளிகளுக்கே தரட்டும். அரசும் பராமரிக்கப்படும் வீடுகளுக்குச் சொத்து வரியைக் குறைத்து, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களிடம் இளைஞர்களைப் பழக்க வேண்டும்.

அடுத்த படைப்புக்கு ஊருக்கு வரும் பங்காளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: சாப்பிட்டுக் கை கழுவியதும் கிளம்பிவிடாதீர்கள். இரண்டாம் கட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அறக்கட்டளைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் புறப்படுங்கள்.