காடைக் கூட்டுக்கு எந்த நிற வெளிச்சம்?

 

வீட்டோடு காடை வளர்க்கும் உங்களில் பலருக்கு, சிவப்பு மின்குமிழ் போட்டால் முட்டை அதிகம் கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் அரைகுறையாக விளங்கிக்கொண்டால் நட்டம் நமக்குத்தான்.

பறவைகள் வெளிச்சத்தைக் கண்ணால் மட்டும் உணர்வதில்லை. மண்டையோட்டினூடாக மூளைக்குள் செல்லும் ஒளியும் அவற்றின் பருவத்தைத் தூண்டுகிறது. சிவப்பு ஒளி மற்ற நிறங்களை விட ஆழமாக ஊடுருவக்கூடியது. அதனால் சிவப்பு, வெள்ளை வெளிச்சத்தில் வளரும் காடைகள் விரைவில் பருவமடைகின்றன. நீலத்திலும் பச்சையிலும் வளர்பவை பிந்துகின்றன. ஆனால் சாதாரண வெள்ளை வெளிச்சத்திலேயே ஆறு, ஏழு வாரத்தில் பேடுகள் முட்டையிடத் தொடங்கிவிடும். அப்படியிருக்க, நிறக் குமிழுக்குக் காசு செலவழிப்பானேன்?

நிறத்தை விட முக்கியமானது நேரம். முட்டையிடும் காடைக்கு நாளொன்றுக்கு 14 முதல் 16 மணித்தியால வெளிச்சம் தேவை. நம் நாட்டில் பகல் வெளிச்சம் ஏறத்தாழ 12 மணித்தியாலம்தான். சுபஹுக்கு எழும்பும்போது நாலரை மணிக்கு விளக்கைப் போட்டு, விடிந்ததும் அணைத்துவிடுங்கள். மஃரிபுக்கு மீண்டும் போட்டு இரவு எட்டரைக்கு அணையுங்கள். 16 மணித்தியாலம் சரியாக வந்துவிடும். ஒரு நாள் ஒரு நேரம், மறுநாள் வேறு நேரம் என்று மாற்றாதீர்கள், முட்டை குறையும்.

சிவப்புக்கு வேறொரு பயன் உண்டு. காடைகள் ஒன்றையொன்று கொத்தி இரத்தம் வந்தால், மற்றவையும் அந்த இடத்தையே கொத்தும். மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் இரத்தம் தனியாகத் தெரியாததால் கொத்தல் குறையும். ஆனால் அது தற்காலிக மருந்துதான். கூட்டில் நெருக்கடியா, சேவல்கள் அதிகமா என்று பாருங்கள். மூன்று வாரத்தில் நெஞ்சு செம்மண் நிறமாக இருந்தால் சேவல், புள்ளி இருந்தால் பேடு. மேலதிகச் சேவல்களை வேறாக்குங்கள்.

இனி, மிகக் கவனமாக இருக்க வேண்டிய விடயம். முன்பு குஞ்சுக் கூட்டில் போட்ட பழைய இழைக் குமிழ் வெளிச்சத்தோடு சூட்டையும் கொடுத்தது. இப்போது கடையில் கிடைக்கும் எல்.ஈ.டி. குமிழ், எந்த நிறமானாலும், குஞ்சுக்குப் போதிய சூட்டைத் தராது. ஏழெட்டுக் கிராம் நிறையுள்ள குஞ்சுக்கு முதல் வாரம் சுமார் 35 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். சிவப்பாக எரிகிறதே என்று நம்பித் தூங்கிவிட்டால், விடியும்போது குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்கி மடிந்து கிடக்கும். சூட்டுக்கென்று தனியான குமிழ் வையுங்கள். நிறத்துக்காக எந்தச் சூடான குமிழிலும் கடதாசி சுற்றாதீர்கள், தீப்பிடிக்கும்.

வளர்ந்த காடைக்கு இரவு முழுவதும் விளக்கு வேண்டாம். அதற்கும் ஓய்வு தேவை. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை நாம் அறிவோம். கூட்டில் இருப்பவை நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அவற்றின் உரிமையைப் பேணித் தேடும் சிறு வருமானத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!